கிளவுஸ்காரர் வீட்டுக் கை

— கதவைச் சாத்தினது யாரு, சார்?

— நான்தான் சிஸ்டர். வேனோட பின்கதவு. ரெண்டு கையாலயும், முழு பலத்தோட, விசில் அடிச்சுக்கிட்டே சாத்தினேன். டாக்டர் எப்படி அடிபட்டதுன்னு கேட்டா 'புருஷன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அவருக்குப் புரியும்.

— விசில் அடிச்சதெல்லாம் எதுக்குங்க இப்ப?

— நீ சும்மா இரு, தாயே. நடந்ததை நடந்தபடி சொல்லணுமில்ல?

— அவங்க கையை எடுத்துட்டாங்களான்னு பாத்துட்டுச் சாத்த மாட்டீங்களா சார்?

— எடுத்துட்டான்னுதான் சிஸ்டர் நினைச்சேன். 'ஆ'ன்னு ஒரு சத்தம் வந்திருந்தா அந்த நிமிஷமே திறந்திருப்பேன். இவ என்ன கேட்டா தெரியுமா? "சாவியை எடுத்துக்கிட்டீங்களா?"ன்னு கேட்டா. விரல் ரெண்டும் கதவுக்குள்ள. இவ சாவியை விசாரிக்கறா. நானும் பாக்கெட்டைத் தட்டிப் பாத்து, "இருக்கு, இருக்கு"ன்னேன். அப்புறம் வீட்டுக்குள்ள போகலாம்னு திரும்பினா பாருங்க, இவ வரா, கை வரலை.

— அக்கா, கையைக் காட்டுங்க. இந்த கிளவுஸை வெட்டித்தான் எடுக்கணும். உள்ள ரத்தம் ஒட்டியிருக்கு, சரியா?

— வெட்டுங்க சிஸ்டர். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? கிளவுஸ் கிழியலை. உள்ள ரெண்டு அடுக்கு. கதவுக்கே ஈடு கொடுத்திருக்கு. கம்பெனி கேரண்டி.

— உங்களை எங்கேயோ பாத்திருக்கேன் சார்.

— பாத்திருப்பீங்க. உங்க ஸ்டோர் ரூமுக்கு மாசாமாசம் பெட்டி கொண்டுவந்து போடறவன்.

— ஓ! அந்த கிளவுஸ்காரரா நீங்க! நேத்து ஒரே பெட்டியில எத்தனை கிழிஞ்சது தெரியுமா? போடும்போதே கிழியுது சார்.

— அது… உங்க கை கொஞ்சம் வளர்ந்திருக்கும் சிஸ்டர்.

— என்ன?

— அவர் அப்படித்தான் சிஸ்டர். காதுல போட்டுக்காதீங்க.

— அசையாதீங்கக்கா. கிளவுஸ் வந்துடுச்சு… ஐயோ. நடுவிரல், மோதிர விரல், ரெண்டும் நசுங்கியிருக்கு. மடக்குங்க பாப்போம். மடங்குது. நீட்டுங்க. ம், எலும்பு தப்பிச்சிருக்கும்னு தோணுது. நகம் ரெண்டும் விழுந்துடும், சரியா? பயப்படாதீங்க. கீழேர்ந்து புதுசா முளைக்கும்.

— எப்ப முளைக்கும் சிஸ்டர்?

— அதை டாக்டர்தான் சொல்லணும்.

— டாக்டர் எப்ப வருவார்?

— வந்துக்கிட்டே இருக்கார்.

— இதையேதான் நானும் கடைக்காரங்ககிட்டச் சொல்வேன். "சரக்கு வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி"ன்னு. அப்படிச் சொன்னா சரக்கு இன்னும் கிளம்பலைன்னு அர்த்தம்.

— சார், கொஞ்சம் அந்த ஸ்டூல்ல உக்காருங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க. அக்கா, இப்ப மருந்து ஊத்திக் கழுவப் போறேன். எரியும். பெரிய பெரிய ஆம்பிளைங்களே இங்க கத்தியிருக்காங்க. கத்தணும்னா கத்திடுங்க, சரியா? சார், நீங்க ஏன் கண்ணை மூடறீங்க?

— எங்க வீட்டுல யாராவது ஒருத்தர் மூடணுமே சிஸ்டர்.

— ஊத்திட்டேன். அக்கா? எரியலையா?

— எரியுதே.

— நான் கேட்டப்புறம் சொல்றீங்களே.

— இல்லை இல்லை. எரியுது. ரொம்ப.

— பாத்தீங்களா சிஸ்டர்? இதைத்தான் சொல்ல வந்தேன். இது கோவம். சாதாரணக் கோவம் இல்லை, உறைஞ்சு போன கோவம். மத்த வீட்டுப் பொம்பளைங்க கோவம் வந்தா பாத்திரத்தை உருட்டுவாங்க. இவ கதவுல விரலை வெச்சுக்கிட்டு சாவி கேப்பா. "நீ சாத்து, எவ்வளவு தூரம் சாத்தறேன்னு பாக்கறேன்"னு. வர்ற வழியெல்லாம் யோசிச்சேன், என்னத்துக்குக் கோவம்னு. நான் செஞ்ச தப்பெல்லாம் வரிசையா வருது சிஸ்டர், எதுன்னு எடுக்கறது? சந்தையில காய்கறி பொறுக்கற மாதிரி ஆயிடுச்சு.

— எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க.

— அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனதுக்கா?

— இல்லைன்னா இல்லைங்க.

— என்ன கூட்டம்க்கா? பேசிக்கிட்டே இருங்க. பஞ்சு எடுக்கற வரைக்கும்.

— நான் சொல்றேன் சிஸ்டர். பூச்செடிக்காரங்க கூட்டம். இவ நர்சரியில ஒட்டுக்கட்டறவ, இப்ப மேஸ்திரி. ரோஜா, எலுமிச்சை எல்லாம். ஒரு செடியோட மொட்டை எடுத்து இன்னொரு செடியோட பட்டைக்குள்ள சொருகறது. இவ கட்டினா காய்ஞ்ச குச்சியில கூட துளிர் வரும். எப்பவும் வெறுங்கையிலதான் கட்டுவா. நான் ஊர் பூரா கிளவுஸ் விக்கறேன், என் பொண்டாட்டி கை மட்டும் மண்ணும் கீறலுமா இருக்கும். கடைக்காரங்க கேப்பாங்க, "உங்க வீட்டம்மாவே போடறதில்லையாமே?"ன்னு. டாக்டர் பொண்டாட்டி நாட்டு மருந்து சாப்பிடற மாதிரி. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கும்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன! ஒரு நாள் காலையில பாக்கறேன், இவளே கிளவுஸ் போட்டுக்கிட்டு நிக்கறா. நான் சொல்லலை, கெஞ்சலை. செடி வைக்கும்போது, களை எடுக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, துணி துவைக்கும்போது எல்லாம் போடறா. அன்னைக்கு எனக்கு ஏதோ அவார்டு கொடுத்த மாதிரி இருந்தது சிஸ்டர். அதான் கூட்டத்துல மேடையில நிறுத்தி, இவ கையைத் தூக்கிக் காமிச்சேன். "ஒட்டுக்கட்டற கையே இப்ப கிளவுஸோட ஒட்டிக்கிச்சு, உங்க கைக்கு என்ன கேடு?"ன்னு கேட்டேன். கைதட்டல் அள்ளிட்டுப் போச்சு.

— நல்லா பேசுவீங்க போல.

— மேடையில இன்னும் சொன்னேன், கேளுங்க சிஸ்டர். மண்ணுல கை வைக்கறதுக்கு முன்னாடி நகத்தைச் சோப்புல கீறிக்கணும். நகத்துக்கடியில சோப்பு அடைச்சுக்கும், மண்ணு ஏறாது. கழுவினா சோப்போட போயிடும். நகத்தோரத் தோலைப் பல்லால கடிக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் எண்ணெய் தடவணும். ஈரத்துல ரொம்ப நேரம் ஊறவிடக் கூடாது, நகம் தாள் மாதிரி பிரியும். எப்படி? பத்து விரலுக்கும் பத்து புத்திமதி வெச்சிருக்கேன்.

— சோப்பு விஷயம் நல்லா இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?

— அது… இவ செய்யறதைப் பாத்து.

— எல்லாமே இவங்க செய்யறதைப் பாத்துதானா?

— கம்பெனிங்கறது அப்படித்தான் சிஸ்டர். உழைக்கறது ஒருத்தர், மேடை ஏறறது ஒருத்தர்.

— அக்கா, இந்த ஆள்காட்டி விரல்ல என்ன? இது கதவு இடுக்குல பட்டது இல்லை.

— எங்க?

— இங்க. வீங்கியிருக்கு பாருங்க. இருங்க, ஊசி எடுக்கறேன்… முள்ளு. ரோஜா முள்ளு, முழுசா உள்ள போயிருக்கு.

— ஓ. காலையில குத்தியிருக்கும்.

— காலையிலயா? சீழ் கட்டியிருக்குக்கா. இது ரொம்ப நாளா உள்ள இருக்கு. இதை வெச்சுக்கிட்டு எப்படி வேலை செஞ்சீங்க? எனக்கெல்லாம் மர ஸ்கேல் சிலாம்பு ஏறினாலே அன்னைக்கு லீவு போட்டுடுவேன்.

— முள்ளா? கிளவுஸுக்குள்ள முள்ளு எப்படி ஏறும்? முள்ளு ஏறாதுன்னு நாங்க பெட்டி மேலேயே அச்சடிச்சிருக்கோம்.

— ஏறியிருக்கே சார். இதோ, பஞ்சு மேல. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போய் கம்பெனியில காட்டுங்க. அக்கா, அந்தக் கை கிளவுஸையும் கழட்டிட்டுக் கொடுங்க.

— அந்தக் கையில ஒண்ணும் இல்லை சிஸ்டர். கதவுல மாட்டினது இதுதான்.

— சும்மா பாக்கறேன். கொடுங்க. இது என்ன, சூடு பட்ட தழும்பா?

— பாத்திரம்.

— இது?

— அதுவும் பாத்திரம்.

— இது நீளமா இருக்கே.

— கத்தி. ஒட்டுக்கத்தி, கொஞ்சம் வழுக்கிடுச்சு.

— ஏய், இதெல்லாம் எப்ப ஆச்சு? என்கிட்டச் சொல்லவே இல்லை?

— சின்னச் சின்னதுதானேங்க. இதையெல்லாம் போய் சொல்லிக்கிட்டு.

— இரு, இரு. உன் கட்டைவிரல் நகம் எங்க?

— என்ன நகம் சார்?

— வலது கை கட்டைவிரல் சிஸ்டர். இவ அந்த ஒரு நகத்தை மட்டும் நீளமா வளத்து வெச்சிருப்பா. மொழுக்குன்னு தேய்ச்சு, சின்னக் கரண்டி மாதிரி. கத்தியால பட்டையைக் கீறினதும் அந்த நகத்தாலதான் நெம்பித் தூக்குவா. அது இவ ஆயுதம். நகவெட்டியை அதுகிட்டக் கொண்டுபோனா எனக்கு அடி விழும். வேற யாரோட நகமோ மாதிரி ஒட்ட வெட்டியிருக்கியே, எப்ப வெட்டினே?

— கிளவுஸுக்குள்ள இடிச்சுது. அதான்.

— என்கிட்டக் கேட்டிருந்தா கட்டைவிரல் பெருசா வெச்ச கிளவுஸ் கொண்டுவந்திருப்பேனே!

— சார், ஒரு நிமிஷம் பேசாம இருங்க. அக்கா, கண்ணை மூடுங்க. நான் பஞ்சால விரலைத் தொடறேன். எந்த விரல்னு சொல்லணும், சரியா? விளையாட்டு மாதிரிதான்.

— அடிபட்ட கை இது இல்லையே சிஸ்டர்.

— தெரியும் சார். அதனாலதான் இதுல பாக்கறேன். மூடுங்கக்கா. ம். இது?

— சுண்டு விரல்.

— இது?

— ஆள்காட்டி.

— இது?

— கட்டைவிரல்.

— எல்லாம் கரெக்ட்! நூத்துக்கு நூறு! நான் சொன்னேனே சிஸ்டர், இவ கை பேசும்.

— அக்கா, நீங்க கண்ணைப் பாதி திறந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க.

— இல்லையே.

— இமை ஆடுது. சார், கைக்குட்டை வெச்சிருக்கீங்களா? சுத்தமா இருந்தா கொடுங்க.

— சுத்தம்னா… இந்தப் பக்கம் சுத்தம்.

— பரவாயில்லை. கட்டிக்குங்கக்கா. இறுக்கமா இருக்கா? சரி. இப்ப ஆரம்பிக்கறேன். இது என்ன விரல்?

— நடுவிரல்.

— இது?

— மோதிர விரல்.

— இது?

— மறுபடியும் நடுவிரல்.

— சிஸ்டர்…

— சார், பேசாதீங்க. அக்கா.

— சொல்லுங்க சிஸ்டர்.

— நான் இன்னும் தொடவே இல்லைக்கா.

— தொடலையா?

— பஞ்சு என் கையிலதான் இருக்கு. உங்க கை மேஜை மேல தனியா இருக்கு.

— அப்படியா? எனக்கு… தொட்ட மாதிரி இருந்தது.

— இப்ப?

— இப்ப தொடறீங்க.

— இல்லை. இப்ப?

— இல்லைன்னு சொல்லணுமா?

— இப்ப ஊசி முனையால குத்தறேன் சார். நீங்க பாக்காதீங்க. அக்கா, இப்ப ஏதாவது?

— ஆரம்பிச்சுட்டீங்களா?

— சிஸ்டர், என்ன இது? அந்தக் கை நல்ல கை. அதுக்கு என்ன வந்தது? நான் கதவைச் சாத்தினது இந்தக் கையில. இந்தக் கையில மட்டும்தான். பாத்தீங்கல்ல?

— இது உங்க கதவால வந்தது இல்லை சார். ரெண்டு கையிலயும் இருக்கு. முன்னாலேயே வந்திருக்கணும்.

— என்ன வந்திருக்கணும்?

— சர்க்கரையா இருக்கலாம். கழுத்து நரம்பா இருக்கலாம். வேற ஏதாவதா இருக்கலாம். டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்.

— திரும்ப வருமா? உணர்ச்சி, திரும்ப வருமில்ல?

— அதையும் டாக்டர்தான் சொல்லணும் சார். சிலருக்கு வரும். சிலருக்கு எவ்வளவு வந்ததோ அதோட நிக்கும். நான் போய் அவரைக் கூப்பிட்டுட்டு வரேன். இந்தக் கையைத் தொங்கவிடாதீங்க, நெஞ்சுக்கு மேல தூக்கியே வெச்சுக்குங்க, சரியா? இதோ வந்துடறேன்.

— சிஸ்டர்! நேரா ஒரு பதில்… போயிட்டாங்க. இந்தக் கட்டடத்துல நேரா பதில் சொல்றதுக்கு ஒரு ஆள் இல்லை. கேட்டா "வந்துக்கிட்டே இருக்கார்", கேட்டா "டாக்டர்தான் சொல்லணும்". சரி, இப்படித் திரும்பு, கைக்குட்டையை அவுக்கறேன்.

— வேண்டாங்க. இருக்கட்டும்.

— எதுக்கு?

— பாக்காம பேசறது கொஞ்சம் சுலபமா இருக்கு.

— என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?

— இப்ப எப்படி இருக்கும்னு தெரியும். அதான் பாக்க வேண்டாம்னு.

— எப்போலேர்ந்து?

— மழைக்கு முன்னாலேர்ந்து. முதல்ல விரல் நுனி மட்டும். எறும்பு ஊர்ற மாதிரி. நாள் பூரா கத்தி பிடிச்சா இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் எறும்பும் போயிடுச்சு.

— என்கிட்டச் சொல்லியிருக்கலாம் இல்ல?

— சொன்னேனே.

— எப்ப சொன்னே?

— நீங்க வேன் கழுவிக்கிட்டிருந்தீங்க. "கை மரத்துப் போகுதுங்க"ன்னேன். "செடியோட செடியா நின்னா கை மரமாகாம வேற என்ன ஆகும்? பாத்து, மொட்டு விடப் போகுது"ன்னீங்க.

— நானா சொன்னேன்?

— பக்கத்து வீட்டுக்காரர் கூட சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். சிரிப்பு வர்ற மாதிரிதான் சொன்னீங்க. அதுக்கப்புறம் திரும்ப எப்படிச் சொல்றது? சிரிச்சு முடிச்ச விஷயத்தைப் போய்.

— அடிப் பாவி. என் வாயில அந்தக் கதவை வெச்சுச் சாத்தியிருக்கணும்.

— விடுங்க. அது உங்க சுபாவம். அதுக்குத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டேன்.

— பரவாயில்லை, இப்ப தெரிஞ்சுடுச்சில்ல. மருந்து இருக்கும். நல்ல டாக்டரைப் பாப்போம். நர்சரியில கொஞ்ச நாள் லீவு சொல்லிடு. உன்னை மாதிரி கை அவங்களுக்கு எங்க கிடைக்கும்? காத்துக்கிட்டு இருப்பாங்க.

— காத்துக்கிட்டெல்லாம் இல்லைங்க.

— என்ன?

— நான் ஒட்டுக்கட்டறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. தண்ணி ஊத்தறேன். காலித் தொட்டி அடுக்கறேன்.

— மேஸ்திரி ஆக்கிட்டாங்கன்னு சொன்னியே! "இனிமே நான் கட்ட வேண்டாம், கட்டறவங்களைப் பாத்துக்கிட்டா போதும்"னு சொன்னியே! நான் ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன்!

— தெரியும். அதான் இன்னும் சொல்ல முடியலை. நான் கட்டின ரோஜாவெல்லாம் கருகிடுச்சுங்க. ஒரு பாத்தி முழுக்க. முதலாளியம்மா வந்து ஒட்டு மேல சுத்தின நாடாவை ஒண்ணொண்ணா அவுத்துப் பாத்தாங்க. உள்ள மொட்டு கறுத்துக் கிடக்குது. பட்டையைத் தூக்கும்போது அடி மரம் கீறக் கூடாது. தூக்குதா, கீறுதான்னு நகம் சொல்லும். அது சொல்லலை. கண்ணால பாத்துக் கட்டினேன். கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சது. அம்மா திட்டலை. "வயசாச்சு, கொஞ்ச நாள் தண்ணி ஊத்து"ன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லை.

— அன்னைக்குத்தான் நகத்தை வெட்டினியா?

— அன்னைக்குத்தான். வீட்டுக்கு வந்து, நீங்க குளிக்கப் போனப்ப.

— நான் கவனிக்கவே இல்லையே. ரோட்டுல போறவன் கையைப் பாத்து சைஸ் சொல்றவன் நான். "உங்களுக்கு எட்டு சார், உங்க தம்பிக்கு எட்டரை"ன்னு பாத்த மாத்திரத்துல சொல்வேன். வீட்டுக்குள்ள இருக்கற கையைப் பாக்கலை.

— பாக்கறதுக்கு நான் விடலையே. அதுக்குத்தானே கிளவுஸ் போட்டேன்.

— எதுக்கு?

— நீங்க பாக்கக் கூடாதுன்னு. சுட்டாத் தெரியலை, வெட்டினாத் தெரியலை. நாளுக்கு ஒரு காயம். தினமும் சாயந்தரம் எண்ணெய் தேய்ச்சுவிடறேன்னு உக்காருவீங்க. எத்தனை நாள்தான் பாத்திரம், பாத்திரம்னு சொல்றது? வேன்ல ஒரு பெட்டி பிரிச்சு இருந்தது. ஒரு ஜோடி எடுத்துப் போட்டுக்கிட்டேன். இனிமே கை காயாது, எண்ணெய் வேண்டாம்னு சொல்லிடலாமே. அன்னைக்கு உங்க முகத்துல வந்த சந்தோஷம் இருக்கே… கழட்ட மனசு வரலை.

— அதை நான் மேடையில ஏத்தி…

— ஆமா. கையைத் தூக்கிப் பிடிச்சீங்க. எல்லாரும் தட்டினாங்க. பொய்யைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி இருந்தது. கீழ இறக்கணும்னு பாத்தேன். நீங்க எவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருக்கீங்கன்னு தெரியலை, இழுத்தா உங்களுக்கு அவமானமாயிடுமோன்னு அப்படியே நின்னேன்.

— அழறியா?

— இல்லைங்க. இந்தக் கைக்குட்டை வாடை. நீங்க சொன்ன சுத்தமான பக்கம் இதுதானா?

— அது மூக்குப் பக்கம். ஏய், இப்படி என்னைப் பாத்து, சரி, பாக்க வேண்டாம், கேளு. எல்லாம் சரியாயிடும். நான் சொல்றேன். கம்பெனி கேர…

— வேண்டாங்க. அதை மட்டும் சொல்லாதீங்க.

— சரி. சொல்லலை.

— வேற ஏதாவது சொல்லுங்க.

— சரக்கு தீந்துடுச்சு. கடைக்காரன் திட்டினா பதில் இருக்கு, கிளவுஸ் கிழிஞ்சா மாத்திக் கொடுக்க வேற இருக்கு. இதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை.

— அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?

— அதான் கேக்கறேன், நான் என்ன பண்ணட்டும்? முள்ளு குத்தினா உனக்குத் தெரியாது. அடுப்பு சுட்டாத் தெரியாது. நான் வேன் ஓட்டிக்கிட்டு எங்கேயோ இருப்பேன். ஊர்ல இருக்கற அத்தனை கையையும் மூடிவெச்சேன். மூடினா போதும், பத்திரம்னு நினைச்சேன். உள்ளேயே அணைஞ்சு போனா மேல எதைப் போட்டு மூடறது?

— டாக்டர் செருப்புச் சத்தமா அது?

— இல்லை. தண்ணி கொண்டுபோற அம்மா. ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லுவியா?

— கேளுங்க.

— கொஞ்சம் கூடவா தெரியலை? கொஞ்சம்? பஞ்சு சின்னது, ஊசி சின்னது. மனுஷன் கை பெருசாச்சே. அது வேற மாதிரி இருக்கும் இல்ல?

— இருக்கும்னுதான் நினைக்கறேன்.

— நினைக்க வேண்டாம். கைக்குட்டையை அவுக்காதே. இப்ப நான் உன் நல்ல கையைப் பிடிச்சிருக்கேனா, இல்லையா?

— பிடிச்சிருக்கீங்க.

— எப்படித் தெரியும்?

— மூச்சு கிட்டக்கக் கேக்குது. ஸ்டூல் முன்னாடி நகர்ந்த சத்தம் கேட்டது. பிடிக்காம அவ்வளவு கிட்டக்க வந்து உக்கார மாட்டீங்க.

— மூச்சை விடு. ஸ்டூலை விடு. என் சுபாவத்தையும் விடு. இதோ, மூச்சை நிறுத்திக்கிட்டேன். உன் கை என்ன சொல்லுது? என் சந்தோஷத்துக்காகச் சொல்லாதே. பிடிச்சிருக்கேனா, விட்டுட்டேனா?

— தெரியலைங்க. நீங்கதான் சொல்லணும்.